சட்டையில் ஊறிய நோவெண்ணெய்

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை பின்னேரம். ஆர்ஜொந்தெய் என்ற பிரெஞ்சு ஊரில் ஒரு மைதானம். லா சப்பல் கடைத்தெருவில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில் தலையிடி என்று பொய் சொல்லி, அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு ரயில் ஏறிப் போயிருந்தேன். மகனின் பல்கலைக்கழக அணிக்கு அன்று அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம்.

விளையாட்டு அமெரிக்கன் ஃபுட்போல். காலால் உதைக்கிற பந்து என்று நினைத்துவிடாதீர்கள். ஹெல்மெட்டும் தோளுக்குப் பெரிய கவசமும் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுவார்கள். முதல் தடவை வீடியோவில் பார்த்த என் கணவர், "உது விளையாட்டோ, அடிபாடோ?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். நான்தான் ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் கேட்டுத் தெரிந்துகொள்வேன். முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. பிறகு எப்படியோ நிமிர்ந்து, வரிசையாக வென்று வந்தார்கள். இந்தக் கடைசி ஆட்டத்தையும் வென்றால் அடுத்த வருடம் மேல் பிரிவு. பந்தை எறிபவனை எதிரணி நெருங்காதபடி முன் வரிசையில் நின்று மறிப்பது மகனின் வேலை.

அதற்கு முந்திய சனிக்கிழமை, பயிற்சியில் வலது தோளில் அடிபட்டு வந்தான். என் பிள்ளை நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவன். "சாப்பிட்டியோ?" என்றால் "வி" என்பான், அவ்வளவுதான். அன்று குசினிக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் கதைத்தான்.

"அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கோச்சுக்குத் தெரிஞ்சா என்னை ஆட்டத்தில இறக்கமாட்டார்."

நான் உருகிப் போனேன். டொக்டரிடம் போவோம் என்று சொல்ல வேண்டிய வாய், "ஓம் ராசா, சொல்லமாட்டன்" என்றது. உடனே ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதிக்கு நடந்து போய், தமிழ்க் கடையொன்றில் நோவெண்ணெய் வாங்கி வந்தேன். சுளுக்கோ, வீக்கமோ, எங்கள் ஆட்களுக்கு அதுதான் முதல் வைத்தியம். காலையும் மாலையும் சூடாக்கித் தேய்த்துவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான். இடையிடையே அரைகுறைத் தமிழில் அணிக் கதை சொல்லுவான். யார் பயந்தவன், யார் எல்லாரையும் சிரிக்க வைக்கிற பம்பல்காரன் என்றெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து நாளும் எனக்கு நல்ல சந்தோசம்.

ஆட்டம் தொடங்க முன் வேலி ஓரமாக வந்தான். சட்டைக் கையை உயர்த்தி, கவசத்துக்குள் கைவிட்டு எண்ணெய் பூசினேன். "காணும் அம்மா, போதும்" என்றான். எனக்குக் காணவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

இரண்டாம் பாதியில் எங்கள் பிள்ளைகள் மூன்று புள்ளி முன்னால் நின்றார்கள். அப்போது மகனைப் பிடிக்க வந்த எதிரணிப் பெடியன் கை வழுக்கி விழுந்தான். எழும்பி, தன் உள்ளங்கைகளை நடுவரிடம் காட்டிக் கத்தினான். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மகனின் வெள்ளைச் சட்டைக் கையைத் தொட்டு, விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தார். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் பழுப்பாக ஊறியிருந்தது.

எதிராளியின் பிடி வழுக்குவதற்காக எண்ணெய் பூசி வருவது இந்த விளையாட்டில் பெரிய களவு என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர்கள் பிரெஞ்சில் எண்ணெய் என்றும் ஏமாற்றுக்காரன் என்றும் பேசத் தொடங்கியபோதுதான் விளங்கியது. கோச் என்னவென்று கேட்டுக் கத்துகிறார். மகன் வாய் திறக்கவில்லை. நோவுக்குப் பூசியது என்று சொன்னால் தோளின் கதை வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் களவு செய்தவன் என்று வெளியே போக வேண்டும், அணிக்கும் தண்டனை வரலாம். அவனுடைய தோழர்களே அவனைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

எண்ணெய்ப் போத்தல் என் கைப்பைக்குள் இருந்தது. சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்திருந்தேன். பார்வையாளர் படிகளிலிருந்து இறங்கி, வேலிக் கதவைத் திறந்துகொண்டு மைதானத்துக்குள் போனேன். குளிர் கோட்டும் கைப்பையுமாக வந்த பெண்ணை யாரும் மறிக்கவில்லை.

"சே முவா, மெசியு." நான்தான் ஐயா என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் பிரெஞ்சு வரவில்லை. போத்தலை நீட்டினேன். என் தோளைத் தேய்த்து, நோகிற மாதிரி முகத்தைச் சுளித்துக் காட்டினேன். நடுவர் திறந்து மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, வேண்டாம்" என்றான் மகன். தமிழில்தான் சொன்னான். இந்தத் தடவை நான் உருகவில்லை. அவனுடைய வலது தோளை விரலால் காட்டினேன். கோச் அந்த இடத்தை அழுத்தினார். பிள்ளை அலறிவிட்டான்.

களவில்லை, ஆனால் இனி இவன் ஆட முடியாது என்றார் நடுவர். அவன் இல்லாத முன் வரிசையால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தோற்றுப்போனார்கள். மேல் பிரிவுக் கனவு அதோடு முடிந்தது. திரும்பி வரும்போது மகன் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான்.

அடுத்த நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். தோளோடு சேரும் காறை எலும்பில் வெடிப்பு. அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்திருந்தால் எலும்பு விலகியிருக்கும் என்றார் டொக்டர்.

இரண்டு மாதம் மகன் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் மாதம் அந்தச் சட்டையை மேசையில் போட்டு, கறை போகாதா என்று கேட்டான், பிரெஞ்சில். எவ்வளவு தோய்த்தும் அது போகவில்லை. அடுத்த பருவம் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடினான்.

நான்தான் அவனைக் காப்பாற்றினேன் என்று உறவுகள் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். பிள்ளை என்னோடு தமிழில் கதைக்கிறான் என்ற ஆசையில் ஐந்து நாள் வெடித்த எலும்பின் மேல் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான். இன்றைக்கும் கடையில் நோவெண்ணெய்ப் போத்தலை எடுக்க எனக்குக் கை கூசுகிறது.