கிளாவர் ஏழும் வெள்ளை அரளியும்

மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு மாற்றலாகி வந்த முதல் மழைக்காலத்தில் எனக்குச் சீட்டுப் பைத்தியம் பிடித்தது. சீட்டாட்டம் இல்லை. ரம்மியில் என்னைத் தோற்கடிக்கச் சின்னப் பிள்ளைகளே போதும். என்னைப் பிடித்தது சீட்டு வித்தை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே தலை நீட்ட முடியாத மழை. அறையில் படுத்துக்கொண்டு கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒருவன் சீட்டுக்கட்டை விரித்து நீட்டினான். எதிரில் இருந்தவர் தன் இஷ்டத்துக்கு ஒன்றை உருவினார். இவன் அதைப் பார்க்காமலே என்ன சீட்டு என்று சொல்லிவிட்டான். அடுத்த காணொளியில் ரகசியத்தை உடைத்தார்கள். அவர் இஷ்டத்துக்கு எடுக்கவே இல்லையாம். இவன்தான் எடுக்க வைத்தானாம். இதற்கு ஃபோர்ஸ் என்று பெயர். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒருவர் தானாகத் தேர்ந்தெடுத்ததாக நம்பிக்கொண்டு, நாம் நினைத்ததையே எடுத்துக் கொடுப்பதா! அன்று மாலையே மழை விட்டதும் ஓடிப்போய்க் கடையில் ஒரு கட்டு வாங்கினேன்.

சொல்ல எளிது, செய்யத்தான் உயிர் போகும். எடுக்க வைக்க வேண்டிய சீட்டைக் கட்டின் நடுவில் வைத்து, அதன்மேல் மயிரிழை இடைவெளி விட்டுச் சுண்டு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சீட்டுகளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு வழிய விடும்போது, எதிராளியின் விரல் வந்து சேரும் அதே நொடியில் நம் சீட்டும் அங்கே வந்து சேர வேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. என் சுண்டு விரல் மரத்துப்போகும். கட்டு கை நழுவிக் கட்டிலுக்கடியில் சிதறும். பொறுக்கியெடுத்து மறுபடி ஆரம்பிப்பேன். பேருந்தில் போகும்போதும் என் விரல்கள் மடியில் தானாக அசைந்துகொண்டிருந்தன.

முதல் பலி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அலுவலகத்தில் எனக்கு எதிர் இருக்கையில் இருந்தவள். அந்த மலையிலேயே பைல் நாடு என்கிற பகுதிப் பெண், தினமும் பேருந்தில் வந்து போகிறவள். சாப்பாட்டு இடைவேளையில் கட்டை நீட்டினேன். மனதில் கிளாவர் ஏழு. அவள் கை வந்தது, கிளாவர் ஏழு வந்தது, சரியாகச் சந்திக்கும் இடத்தில் அவள் கை அதைத் தாண்டிப் போய்க் கடைசிக்கு முந்தைய சீட்டை உருவிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஏன் எப்போதும் பின்னாலிருந்தே எடுக்கிறாய் என்று கேட்டேன்.

"சோளக்காட்டுச் சந்தையில அன்னாசி வாங்கியிருக்கீங்களா?" என்றாள். "கடைக்காரரு எத முன்னால தள்ளி வெக்கிறாரோ அதுலதாங்க கோளாறு இருக்கும். நீங்க அந்தச் சீட்டத் தள்ளுறீங்க. எனக்குத் தெரியுது."

காணொளிக்காரன் ஒருவனும் சொல்லாத பாடம் இது. என் கட்டைவிரல் அந்த ஒரு சீட்டை மட்டும் அரை நெல் அளவு கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைவிட மோசம், என் கண்ணும் அதிலேயே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து கண்ணை எடுத்தேன். அவள் கை கிளம்பும் நேரத்தில் ஏதாவது கேள்வி கேட்க ஆரம்பித்தேன். பதில் சொல்ல நிமிர்கிறவர்கள் கையில் கிடைப்பதை எடுப்பார்கள் என்று கண்டுகொண்டேன். ஒரு நாள், மிளகு காய்ந்துவிட்டதா என்று கேட்டேன். "எங்கீங்க, மழ விட்டாத்தானே" என்று நிமிர்ந்தவள் கையில் கிளாவர் ஏழு இருந்தது.

நான் சீட்டின் பெயரைச் சொன்னதும் அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் குஷிதான். அப்புறம் எனக்கும் சொல்லிக் கொடு என்று பிடிவாதம். வித்தைக்காரன் ரகசியத்தைச் சொல்லக் கூடாது. சொன்னேன். அவ்வளவுதான் என் வைராக்கியம்.

அவள் என்னைவிட வேகமாகக் கற்றாள். வாரக் கணக்கில் நான் முட்டி மோதியதை மழை ஓய்வதற்குள் பிடித்துவிட்டாள். ஒரு நாள் கட்டை என்னிடம் நீட்டி, இந்த மலையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்தேன். என் இஷ்டத்துக்குத்தான் எடுத்தேன் என்று கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். அவள் பார்க்காமலே ஆர்ட்டின் ராணி என்றாள். திருப்பிப் பார்த்தால் ஆர்ட்டின் ராணியேதான். கட்டினால் இவளைத்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். சில வாரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, இவ்வளவு நாளாகுமா என்று என்னையே திட்டினாள்.

கீழே என் வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் வாங்கினேன். பாக்கி அவள் அப்பா. குலசாமி கோயிலுக்கு அவர்தான் பூசாரி. அளந்து பேசுகிறவர். மலையை விட்டு வெளியே பெண் கொடுப்பதா என்று அவர்கள் சொந்தத்தில் முணுமுணுப்பு வேறு. அவரைப் பார்க்கப் போன அன்று நான் செய்த முட்டாள்தனத்துக்கு அளவே இல்லை. அவர் தோட்டத்திலிருந்து வருவதற்குள் அந்த வீட்டுப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கலாமென்று வாசலில் சீட்டுக்கட்டை விரித்துவிட்டேன். அந்த ஊரில் சீட்டு என்றால் பலா மரத்தடியில் உட்கார்ந்து விளைச்சலைத் தோற்கிற ஆட்கள்தான். அவர் தோளில் மண்வெட்டியோடு வந்து நின்றபோது, பிள்ளைகள் சூழ நடுவில் சீட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க சார், சீட்டெல்லாம் வருங்களா?" என்றார். நான் விளக்கம் சொல்லச் சொல்ல, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அவள் சேதி கொண்டுவந்தாள். சொந்தக்காரர்கள் ஒரே பிடியாக நிற்கிறார்கள். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சாமியிடம் பூ கேட்கப் போகிறாராம். வெள்ளை அரளியை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் மடித்து ஒரு தட்டில் சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டியதுதான். சொல்லும்போது அவள் முகம் வெளிறியிருந்தது.

பூ கேட்கிற நாளில் கோயில் முன்னால் அவர்கள் சொந்தம் முழுக்கக் கூடியிருந்தது. நான் ஓரமாக நின்றேன். அவள் அப்பா எல்லோருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்து பொட்டலங்களை மடித்து நூல் சுற்றினார். பக்கத்தில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த அவள் ஓரக்கண்ணால் எட்டிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. பூசை முடிந்ததும், வாழப்போகிறவளே தட்டைப் பிடிக்கட்டும் என்று அவர் சொன்னார். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூட்டிவந்து தட்டின் முன்னால் நிறுத்தினார்கள்.

குழந்தையின் கை இரண்டுக்கும் நடுவில் நின்றது.

"கண்ணு, காத்தால என்ன சாப்ட்ட?" என்றாள் அவள்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. தட்டு ஒரு விரல்கடை நகர்ந்தது. இடதுபுறப் பொட்டலம் தானாகப் போய் அந்தக் குட்டி விரல்களுக்கு அடியில் நின்றது. களி என்று சொல்லிக்கொண்டே குழந்தை அதை எடுத்தது. அந்தக் கூட்டத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரிந்தது. சாமி முன்னால், சொந்தம் அத்தனை பேர் முன்னால், கை நடுங்காமல் அவள் என்னை எடுத்துக்கொண்டாள்! கத்திக் கூப்பாடு போடத் தோன்றியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். பொட்டலத்தைப் பிரித்தார்கள். வெள்ளை. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. முணுமுணுத்த சித்தப்பாக்களே முதலில் வந்து என் கையைப் பிடித்தார்கள்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடையில் விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். அவள் அப்பா அதை எடுத்துக்கொண்டு, கூட வரும்படி எனக்குச் சைகை காட்டினார். கோயிலுக்குப் பின்னால் ஓடை. அவர் குனிந்து தண்ணீரில் விட்டார். பொட்டலம் கொஞ்ச தூரம் போய்ப் பாறையில் இடித்தது, நூல் நழுவியது, இலை விரிந்தது.

உள்ளே இருந்து வெளியே வந்து மிதந்ததும் வெள்ளை அரளிதான்.

நான் அவரைப் பார்த்தேன். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்தது. பூ வளைவில் மறையும் வரை அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை என்னைச் சார் என்று மட்டுமே கூப்பிட்டவர், தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்:

"அவளுக்குத் தெரிய வேண்டாம் கண்ணு. சாமி குடுத்ததாவே இருந்துட்டுப் போவட்டும்."