பட்டியலில் நான் விட்ட பெயர்

அரியலூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த நாட்களில் எனக்கு ஒரு பெருமை உண்டு. யாரையும் நம்ப மாட்டேன் என்பதுதான் அது. கட்சிக்காரர் அழுதால், எதற்காக இவ்வளவு அழுகிறார் என்று யோசிப்பேன். கோர்ட்டு அமீனா ஊரில் இல்லை என்று சொன்னால் அவர் வீட்டுக் கொல்லைப்புறம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இந்தப் புத்திக்காகவே என் வக்கீல் என்னை வைத்துக்கொண்டிருந்தார். இதே புத்தியால்தான் என் சொந்த அக்காவின் நிலத்துக்கு நான் உலை வைத்தேன்.

யுத்தம் முடிந்த சமயம். ரெட்டிபாளையம் பக்கத்துப் புஞ்சைகளில் குழி தோண்டிக் கல் எடுத்துப் பார்க்க ஒரு கம்பெனி வந்தது. அடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது, சிமெண்ட் செய்யப் போகிறார்கள் என்று பேச்சு. கம்பெனியின் சட்ட வேலையை மெட்ராஸில் இருந்த ஒரு பெரிய சொலிசிட்டர் ஆபீஸ் பார்த்தது. அந்த ஆபீஸுக்குத் தலைமை இடம் லண்டன். அரியலூரில் தங்களுக்காக வேலை பார்க்க ஒருவர் தேவை என்று அவர்கள் என் வக்கீலுக்கு எழுதினார்கள். அவர் அந்தக் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் வரை போய்த் தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தார்.

எனக்கோ அந்தக் கடிதத்தைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. தலைப்பில் மூன்று வெள்ளைக்காரர்களின் பெயர்கள். அடியில் கையெழுத்தும் அதே மூன்று பெயர்கள், மூன்றும் ஒரே கையால் எழுதியவை. மெட்ராஸிலிருந்து வந்த அவர்களுடைய மானேஜரிடம், இந்த மூவரும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். தன் தாத்தா காலத்திலேயே மூவரும் செத்துப்போய்விட்டார்கள் என்று காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். கூட்டாளிகள் மாறுவார்களாம், பெயர் மாறாதாம், கையெழுத்தும் அந்தப் பெயரிலேயே போவதுதான் முறையாம். எங்கள் பக்கத்தில் செத்தவர் பெயரில் கையெழுத்துப் போட்டால் போலீஸ் வரும்.

அந்த மானேஜர் ஆபீஸின் கதையையும் சொன்னார். லண்டனில் துறைமுகத்தை ஒட்டி இரண்டே அறைகளில் ஆரம்பித்ததாம். கப்பலில் நனைந்துபோன சரக்குக்கு யார் பொறுப்பு என்று சண்டை போடுவதுதான் முதல் தொழில். சரக்குக்காரர்கள் கல்கத்தாவுக்கு வந்தபோது ஆபீஸும் கூடவே வந்தது. தேயிலைக்காரர்களுக்குப் பின்னால் கொழும்பு, அரிசிக்காரர்களுக்குப் பின்னால் ரங்கூன். ஜப்பான்காரன் வந்தபோது கடிதத் தலைப்பிலிருந்து ரங்கூனை எடுத்துவிட்டார்கள். யுத்தம் முடிந்ததும் ரங்கூன் திரும்பி வந்தது, கூடவே சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு கடிதம் வரும்போதும் ஊர்களை எண்ணிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வாசம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிற ஆட்கள் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. என் வக்கீலிடம் இதுவரை வந்த கட்சிக்காரர்கள் அத்தனை பேருடைய பெயரும், ஊரும், நிலமும் எழுதி அனுப்ப வேண்டுமாம். ஒருவரையும் விடக்கூடாதாம். எதற்கு என்று வக்கீலைக் கேட்டேன். பெரிய இடத்து வழக்கம், எழுதும் என்றார். எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. எவன் நிலம் எங்கே இருக்கிறது, எதில் வில்லங்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வளைத்துப் போடத்தான் கேட்கிறார்கள்.

என் அக்கா ரெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் காய்ச்சலில் இறந்ததும், நாலு ஏக்கர் புஞ்சையும் தனக்கே என்று கொழுந்தன் கிளம்பினான். என் வக்கீலைத் தன் வக்கீலாக வைத்து அக்கா வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள். அவர் ஒரு நோட்டீஸ் விட்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போகாமல், மாதா கோயில் பங்குச் சாமியார் முன்னிலையில் வெள்ளைத் தாளில் பாகம் எழுதி முடிந்தது. மேலண்டை இரண்டு ஏக்கர் அக்காவுக்கு. அதில் விளைகிற வரகையும் கம்பையும் வைத்துத்தான் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

ஊரார் பெயரையெல்லாம் எழுதினேன். அக்கா பெயரை மட்டும் விட்டேன். அதோடு நிற்கவில்லை. வக்காலத்தும் பாகப் பத்திரமும் இருந்த அவளுடைய காகிதக் கட்டை வக்கீல் ஆபீஸ் அலமாரியிலிருந்து எடுத்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து ரெட்டிபாளையம் கொண்டுபோனேன்.

"யாரு வந்து கேட்டாலும் குடுக்காதக்கா. நானே வந்து கேட்டாலும் குடுக்காத. ஆபீஸ்ல என்னை நெருக்கி அனுப்பியிருப்பாங்க" என்றேன்.

அவள் சரி என்றாள். அக்கா ஒரு முறை சரி என்றால் அதோடு சரி. வக்கீல் என் பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், முழுமையானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தேன் என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறு வருஷம், மெட்ராஸிலிருந்து ஒரு நோட்டீஸ் வாசகம் வந்தது. அதைத் தமிழில் இருபது பிரதி எழுதி, பெயருக்கும் சர்வே நம்பருக்கும் இடம் விட்டு அனுப்பச் சொன்னார்கள். எழுதி அனுப்பினேன். அங்கே பெயர்களைப் பூர்த்தி செய்து, அங்கிருந்தே ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு, யார் யாருக்குப் போனது என்று எங்களுக்கு விவரம் அனுப்பினார்கள். அதில் ஏழாவது பெயர் என் அக்காவுடையது. கொழுந்தன் நாலு ஏக்கரையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம். அக்கா தன் இரண்டு ஏக்கரை விட்டு வெளியேற வேண்டுமாம்.

அதை வக்கீலிடம் நீட்டினேன். அவருக்கு அக்காவைத் தெரியும். ஆள் குழம்பிப்போய், இவங்க நம்ம கட்சியாச்சே, இவங்களுக்கு எப்படி அனுப்பினாங்க என்றார். பட்டியலில் எழுதவில்லை என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் பட்டியல் எதுக்குன்னு நெனச்சய்யா? நம்ம கட்சி இனிமே அவங்களுக்கும் கட்சி மாதிரி. அதுல பேரு இருந்தா, அவங்களுக்கு எதிரா அந்த ஆபீஸ் எந்த ஊர்லயும் வழக்கு எடுக்காது. அதுக்குத்தான் கேட்டாங்க."

மெட்ராஸ் விவரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய பட்டியலில் இருந்த வேறு இரண்டு கட்சிக்காரர்களின் நிலங்கள் கம்பெனி தோண்டிய இடத்தை ஒட்டியே இருந்தன. அவர்களுக்கு நோட்டீஸ் போகவில்லை. இதை அப்போதுதான் கவனித்தேன்.

வக்கீல் அன்றைக்கே மெட்ராஸுக்கு எழுதினார். பதில் ஒரே வாரத்தில் வந்தது. குமாஸ்தாவின் உடன்பிறந்தவள் பெயர், நோட்டீஸ் போன பிறகு நினைவுக்கு வருவது தங்களுக்கு வியப்பாக இருக்கிறதாம். பழைய வக்காலத்தை அனுப்பினால் விலகிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். வக்கீல் என்னை விரட்டினார். பாகப் பத்திரம் பதிவாகாதது, கோர்ட்டில் நிற்பது சந்தேகம், அந்த வக்காலத்து ஒன்றுதான் வழி என்றார். இவர்கள் விலகினால் கம்பெனி இரண்டு ஏக்கருக்காக வேறு வக்கீலைத் தேடாது, பக்கத்துப் புஞ்சையைப் பார்த்துக்கொண்டு போய்விடும் என்றும் சொன்னார்.

ரெட்டிபாளையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அக்கா வாசலில் வரகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் அந்த நோட்டீஸை எடுத்துவந்து நீட்டினாள். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். கணவர் இறந்த பிறகு அவளுக்கு எல்லா மனுவும் எழுதிக் கொடுத்தவன் நான். நோட்டீஸ் என் கையால் எழுதியது என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். செத்துப்போன மூன்று பேரிலிருந்து ஆரம்பித்துப் பட்டியல் வரை சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கே அது கட்டுக்கதையாகப் பட்டது. கட்டைக் குடு அக்கா என்று கெஞ்சினேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் என்னை அதிகம் வதைத்தது.

"நீ இப்படி வந்து நிப்பேன்னு நீயேதான் தம்பி சொல்லிட்டுப் போன. நெருக்கி அனுப்பியிருப்பாங்கன்னும் சொன்ன. ஒம்மேல எனக்கு வருத்தமில்ல. சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிடாமல் திரும்பினேன். இன்னும் மூன்று தடவை போனேன், சாமியாரையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போனேன். கட்டு வெளியே வரவில்லை. வக்காலத்து கிடைக்கவில்லை என்று மெட்ராஸுக்கு நானே எழுதினேன். அப்படியானால் மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கிறோம் என்று பதில் வந்தது. புதிதாக அச்சடித்த தாள். வழக்கம்போல ஊர்களை எண்ணினேன். ஒன்று கூடியிருந்தது. லண்டன், கல்கத்தா, மெட்ராஸ், கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர் எல்லாவற்றுக்கும் அடியில், பொடி எழுத்தில் அரியலூர், எங்கள் ஆபீஸ்தான். என் வக்கீல் அந்தத் தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். அக்காவுக்குப் போன அடுத்த நோட்டீஸும் அரியலூர் பெயர் போட்ட அந்தப் புதுத் தாளில்தான் போனது.