பாசிக்கு நடுவே ஒரு வரி

இருதய ஒப்பரேஷனுக்குப் பிறகு என் கணவர் வீட்டோடு முடங்கிப்போனார். கனடாவில், எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு, கீழே பஸ் போவதையே பார்த்திருப்பார். மார்க்கம் நகரிலிருந்து வந்த மகள்தான் லாப்டொப்பில் அந்த வேலையைக் காட்டினாள். விக்டோரியா மகாராணி காலத்து விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை, இங்கிலாந்தில் ஒரு நூலகம் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. விரும்பியவர்கள் கையெழுத்தை வாசித்துத் தட்டச்சுச் செய்து கொடுக்கலாம்.

ஊரில், யாழ்ப்பாணத்தில், அவர் தாவரவியல் ஆசிரியர். இங்கே ஓய்வு பெறும்வரை பாண் சுடும் ரொட்டித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர். செடிகொடிகளின் லத்தீன் பெயர்களைக் கண்டதும் முகம் தெளிந்தது. அவர் வாசிக்க, நான் தட்டச்சுச் செய்தேன்.

எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு பேரின் கடிதங்கள். ஒருவர் இங்கிலாந்தில் இருந்த பாசி நிபுணர். மற்றவர் கண்டி மலைப்பக்கம் வேலைபார்த்த வெள்ளைக்கார டொக்டர்; பாசிகளைக் காயவைத்து அவருக்கு அனுப்புபவர். இருவரும் நேரில் சந்தித்ததேயில்லை. கடதாசியை மிச்சம்பிடிக்க, எழுதி முடித்த பக்கத்தையே பக்கவாட்டில் திருப்பி, அந்த வரிகளுக்கு மேலேயே குறுக்காகவும் எழுதியிருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் போய்விடும்.

ஒருநாள் டொக்டரின் கடிதமொன்று வந்தது. பாசியின் வித்திகள் எப்படி வெடித்துப் பறக்கின்றன என்று நீளமாக எழுதிக்கொண்டு போனவர், நடுவில் ஒரு வரி வைத்திருந்தார்: சின்னவனைச் செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். அடுத்த வரியில் திரும்பவும் பாசி.

நான் தட்டுவதை நிறுத்தினேன்.

"உவன் என்ன மனிசன்? பிள்ளை செத்துப்போச்சு, பாசியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறான்."

அவர் அடுத்த படத்தைத் திறந்தார். அது இங்கிலாந்துக்காரர், செய்தி கிடைக்குமுன் எழுதியது. சின்னவனுக்கு ஒரு பூதக்கண்ணாடி அனுப்புகிறேன், கையில் பிடிக்கப் பழகிவிட்டானா என்று கேட்டிருந்தார். அந்த இடத்தில் என் கணவரின் வாசிப்பு நின்றது.

மகளுக்கு முன் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். கணவர் முதலில் கனடா வந்து அகதியாகப் பதிந்திருந்தார். நானும் பிள்ளையும் யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம். மருந்து வராது, தபால் வர மாதக்கணக்காகும். காய்ச்சலில் பிள்ளை போய்விட்டான். நான் எழுதியது அவருக்குப் போய்ச் சேரும்வரை அவருடைய கடிதங்கள் வந்துகொண்டேயிருந்தன. நடக்கத் தொடங்கிவிட்டானா? சப்பாத்து வாங்கி வைத்திருக்கிறேன், காலைக் கடதாசியில் வைத்துச் சுற்றிக் கீறி அனுப்பும், அளவு சரியோ பார்க்கலாம்.

கடைசியில் பதில் வந்தது. இங்கே சரியான குளிர் என்றும், என்னை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட என்னென்ன பேப்பர்கள் வேண்டுமென்றும் எழுதியிருந்தார். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடமும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அந்தாளுக்கு ஒரு வரியெண்டாலும் எழுத முடிஞ்சுது," என்றார், திரையைப் பார்த்தபடியே. "எனக்கு அதுவும் வரேல்லை."

"என்ர கடிதம் கிடைச்ச அண்டைக்கு என்ன செய்தனீங்கள்?"

"ஷிப்டுக்குப் போனன். முடிஞ்சு வந்து சப்பாத்தைக் கடையில திருப்பிக் குடுக்கப் போனன். காசு குடுத்து வாங்கின ரிசீற் கேட்டாங்கள். என்னட்டை இல்லை. பஸ் ஸ்டொப்பில வைச்சிட்டு வந்திட்டன்."

"அதை ஏன் எனக்கு எழுதேல்லை?"

"எழுதிக் கிழிச்சனான். நீர் அங்கை தனியப் பிள்ளையை மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டு இருக்கிறீர். நான் சப்பாத்துக் கதையே எழுதுறது?"

"அதைத்தான் எழுதியிருக்கவேணும்." என் குரல் உயர்ந்துவிட்டது. "உங்களுக்கு ஒண்டுமில்லையெண்டு நினைச்சுக்கொண்டெல்லோ நான் இஞ்சை வந்து இறங்கினனான்."

தையல் போட்ட நெஞ்சைக் கையால் அமத்திக்கொண்டு அவர் அழுதார். நான் எழுந்துபோய்ப் பிடிக்கவில்லை.

மறுநாள் சின்னவனைப் பற்றிய அந்த வரியை அவரே ஒற்றை விரலால் தட்டினார். இங்கிலாந்துக்காரர் என்ன ஆறுதல் சொன்னார் என்று தேடினோம். மகள் நூலகத்துக்கும் எழுதிக் கேட்டாள். அப்படியொரு கடிதம் தங்களிடம் இல்லை என்றார்கள்.

அந்த வாரம் முழுக்க அவர் மகனைப் பற்றிக் கேட்டார். கடைசியாக என்ன குடித்தான், ஆர் தூக்கிக்கொண்டு போனது, எந்த இடத்தில் தாட்டது. ஞாபகமுள்ளதைச் சொன்னேன். சிலது எனக்கு மறந்துபோயிருந்தது. அப்படி நான் மறந்த இடங்களில் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.