கறைபடாத வெள்ளைக் கோட்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கையின் வெள்ளைக் கோட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கிறது. தையல்காரர் மடித்துக் கொடுத்த மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு கல்லூரியில், நோயாளிகளுக்கு உணவு வகுத்துச் சொல்லும் படிப்பில் அவள் சேர்ந்தாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். ஆஸ்பத்திரியில் பயிற்சி உண்டு என்று சொல்லித்தான் கோட்டு தைக்கச் சொன்னார்கள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே படிப்பு முடிந்துபோனது. வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த பழப் படங்களைத்தான் அவள் பார்த்தாள், ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கவில்லை. அங்கீகாரம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டுச் சேர வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

படிப்பு முடிந்த வருஷமே அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. கால் வீங்கியது. உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர், சாப்பாட்டு விவரம் கேட்க இன்னொரு நாள் வரச் சொன்னார். அப்பா போகவில்லை. வாழைத்தார் ஏற்ற வந்தவர்களிடம், "எங்க வீட்டுலயே டாக்டரு இருக்கா. பொறவு நான் எதுக்கு வே அங்கன போயி வரிசைல நிக்கணும்?" என்றார்.

"அப்பம் ஒம்ம வீட்டுக் கருவாட்டுக் கொழம்பு இனி எங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்று அவர்கள் சிரித்தார்கள்.

தங்கை கருவாட்டை நிறுத்தினாள். காலையில் இளநீர், சாயங்காலம் எங்கள் தோப்பு வாழைப்பழம், தன் கையாலேயே கொடுத்தாள். அவள் படித்தவரையில் இரண்டும் நல்ல உணவு.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அப்பாவுக்கு நினைவில்லை. அங்கே உணவு சொல்லும் அம்மா விசாரித்தார். "கிட்னி கெட்டவருக்கு இளநீ குடுத்தா அதுல இருக்க பொட்டாசியம் சத்து ரத்தத்துல தங்கி நெஞ்ச நிறுத்திரும். யாரு குடுக்கச் சொன்னது?"

"நான்தான் மேடம். இதத்தான் படிச்சிருக்கேன்."

"வார்டுல எத்தன மாசம் நின்ன?"

"ஒரு நாளும் நிக்கல."

அந்த அம்மா திட்டவில்லை. "நின்னுருந்தா, மொத வாரமே சொல்லிக் குடுத்திருப்போம்மா" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே அப்பா போய்விட்டார். வெளியே இளநீர் வெட்டும் சத்தம் கேட்டால் தங்கை இன்றும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

போன மாதம் என் மகள் அதே படிப்புக்குப் போகிறேன் என்றாள். தங்கை என்னிடம், "அண்ணே, கட்டடத்தப் பாத்துட்டு வந்துராத. அங்கீகாரம் இருக்கா, எந்த ஆஸ்பத்திரில நிக்க விடுவீயன்னு கேளு. அந்த ஆஸ்பத்திரிலயும் போயி கேளு" என்றாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். போய்க் கேட்டேன்.

மகள் சேர நினைத்த கல்லூரியின் ஆபீசில் இருந்தவர் சிரித்தார். "நீங்க என்ன படிச்சிருக்கீய?"

"அஞ்சாப்பு சார். எந்த ஆஸ்பத்திரி?"

"அதெல்லாம் அடுத்த வருஷம் வந்துரும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கல்லூரி வேண்டாம் என்றதும் மகள் அழுதாள். தங்கை தகரப் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள். மகள் அதை மடிப்புக் கலையாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு கறை இல்லை.

ஆற்றில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து எழுதியது, ஆடி அமாவாசை.