குழாயில் மூன்று தட்டு

ஸ்லிவென் ஊரின் விளிம்பில், மலைக்காற்று நேரே வந்து மோதும் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் டோப்ரினா குடியிருந்தாள். அவள் வீடு நான்காவது மாடியில். வெறுமனே டோப்ரினா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. குழாய் டோப்ரினா என்று கேட்டால், வாசற்படியில் விளையாடும் பிள்ளைகூட விரலை மேலே காட்டும்.

அந்தக் கட்டடத்தின் குளியலறைகளைத் துளைத்துக்கொண்டு, அடித்தளத்திலிருந்து எட்டாம் மாடி வரை ஒரு சுடுநீர்க் குழாய் செங்குத்தாக ஓடியது. அதில் எங்கே தட்டினாலும் எட்டு மாடியிலும் கேட்கும். மூன்று தட்டு என்றால் ‘சத்தத்தைக் குறை’ என்று பொருள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை அமைதி நேரம் என்று கீழ் வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அந்தக் காகிதத்துக்குக் கைகால் முளைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தாள் டோப்ரினா.

அவள் அப்படிப் பிறக்கவில்லை. இருபத்தேழு வருடம் பஞ்சாலையில், தறிகளுக்கு நடுவே, இரவு வேலை பார்த்தவள். காலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, சமைத்து வைத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பகலில்தான் கண்ணயர முடியும். அவள் தூங்கும்போது கணவன் இலியா கையில் ஒரு திருகுசாவியுடன் குழாயின் பக்கத்திலேயே இருப்பான். மேல் வீட்டில் நாற்காலி இழுபட்டால் மூன்று தட்டு. கீழ் வீட்டில் குழந்தை கத்தினால் மூன்று தட்டு. பிறகு ஆலை மூடப்பட்டது. இலியா போய்ச் சேர்ந்தான். மகள் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக ஸ்பெயினுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் பேசினாள். டோப்ரினாவுக்குப் பகல் தூக்கமும் போய்விட்டது. தட்டு மட்டும் மிஞ்சியது.

அந்தச் செப்டம்பரில் ஒரு புதன்கிழமை. கட்டடம் முழுவதும் சுட்ட மிளகாயின் வாசனை. குளிர்காலத்துக்குப் புட்டிகளில் அடைத்து வைக்கிற காலம் அது. ஒவ்வொரு பால்கனியிலும் மிளகாய் சுடும் மண் உருளை அடுப்பு ஒன்று புகைந்துகொண்டிருந்தது. டோப்ரினாவும் காலையிலிருந்து சிவப்பு மிளகாய் சுட்டு, தோலுரித்து, பதினான்கு புட்டிகளில் அடைத்திருந்தாள். சமையலறை மின் அடுப்பில் பெரிய அண்டா. அடியில் மடித்துப் போட்ட துணி, அதன்மேல் புட்டிகள், கழுத்தளவு தண்ணீர். தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு மணி அடித்தது. மேல் வீட்டு மித்யோ தன் அக்கார்டியன் பெட்டியை நிறுத்தவில்லை. கல்யாணங்களில் வாசிக்கிறவன், முப்பத்தைந்து வயதிருக்கும். சனிக்கிழமை ஒரு பெரிய கல்யாணத்துக்காகப் பதினொரு நாளாக ஒரே ரெச்செனித்சாவை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தான். ஏழு அடிக்கு ஆடுகிற ஆட்டம் அது. தக, தக, தகிட. நாலாவது வரியின் கடைசி நீள அடியை மட்டும் அவசரப்பட்டு விழுங்குவான். பதினொரு நாளாக அதே இடத்தில்.

டோப்ரினா குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய திருகுசாவியை எடுத்து மூன்று தட்டுத் தட்டினாள். பாட்டு நின்றது. திருகுசாவியை மாட்டிவிட்டு, இரண்டாம் தவணைக்கான புட்டி மூடிகளைக் கழுவலாம் என்று திரும்பினாள். செருப்பின் அடியில் மிளகாய்த் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

விழுந்த சத்தத்தை அவளே கேட்கவில்லை. இடுப்புக்குள் ஏதோ முறிந்த சத்தத்தைத்தான் கேட்டாள்.

முதலில் எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கையை ஊன்றினாள். வலது கால் அவள் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை. அது வேறு யாருடைய காலோ போலப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அதைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. அசைந்தால் கண் இருண்டது. தொலைபேசி கூடத்தில். கூடத்துக்கு எட்டு அடி. எட்டு அடி என்பது எவ்வளவு தூரம் என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை.

சமையலறையில் அண்டாவின் மூடி கடகடத்துக்கொண்டிருந்தது.

‘தண்ணி,’ என்று நினைத்தாள். ‘அரை மணிக்கு ஒரு தடவ ஊத்தணும்.’

திருகுசாவி ஆணியில், எட்டாத உயரத்தில். ஷவர் குழாயின் வால் கைக்கு எட்டியது. பிடித்து இழுத்தாள். இரும்புத் தலை மேலிருந்து வந்து காதுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தது. அதை எடுத்துக் குழாயில் தட்டினாள். பலம் கொண்ட மட்டும், மூன்று முறை. பிறகு இன்னும் மூன்று.

மேலே நாற்காலி நகர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மித்யோவின் குரல் குழாயோரமாக இறங்கி வந்தது.

“பெரியம்மா! பொட்டிய மூடிட்டேன்! இதுக்கு மேல சத்தத்தக் கொறைக்கணும்னா விரலத்தான் கழட்டி வைக்கணும்!”

“டேய்! விழுந்துட்டேன்டா! வாடா!”

மூச்சை இழுத்தால் இடுப்பு வெட்டியது. குரல் பாதியில் அறுந்தது. கூரையோரக் காற்றுத் துவாரத்தில் சென்ற வருடம் அவளே துணி அடைத்திருந்தாள், கீழ் வீட்டுச் சுருட்டு நாற்றம் வருகிறது என்று.

“திட்டுறீங்கன்னு தெரியுது, வார்த்ததான் வெளங்கல! நாலு மணிக்கு மேல திட்டுங்க, உக்காந்து கேக்கறேன்!”

காலடி அகன்றது.

அவள் மறுபடி தட்டினாள். கீழே எங்கோ ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி அணைந்தது. தட்டினாள். ஒரு குழந்தையை யாரோ ‘உஷ்’ என்று அடக்கினார்கள். இன்னும் தட்டினாள். எதிர்வீட்டுச் சுவருக்கு அப்பால் மாவு தேய்த்துக்கொண்டிருந்த பூரிக்கட்டையின் சத்தம் நின்றது. ஒருவர் மட்டும் பொறுக்க மாட்டாமல் குழாயில் திருப்பித் தட்டினார், கோபமாக. பிறகு அதுவும் நின்றது.

எட்டு மாடியும் அடங்கிவிட்டது. அவள் இத்தனை வருடம் கேட்ட அமைதி இதுதான். ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அந்த அமைதியைக் கேட்டாள். ஒவ்வொரு தட்டுக்கும் மனிதர்கள் ஒரு படி தள்ளிப் போகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

எதிர்வீட்டு ஸ்லாத்காவை நினைத்தாள். அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டின் இரண்டாவது சாவி எதிர்வீட்டு ஆணியில்தான் தொங்கும். ஸ்லாத்காவின் வீட்டில் இருபது வருடம் டோப்ரினாவின் சாவி தொங்கியது. கடந்த ஏப்ரலில் ஒருநாள் டோப்ரினா மாத்திரை போட்டு நேரம் போனது தெரியாமல் தூங்கிவிட்டாள். மணியடித்துப் பார்த்த ஸ்லாத்கா சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தாள். டோப்ரினா கண்விழித்தபோது மூக்குக்குக் கீழே ஸ்லாத்காவின் விரல்.

“நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தியாடி?”

“உசுரோட இருக்கியான்னு பாக்க வந்தேங்க்கா.”

“ரெண்டும் ஒண்ணுதான். சாவியக் குடு.”

அப்புறம் இரண்டாம் மாடியில் திருட்டுப் போனது. டோப்ரினா மரக்கதவைக் கழற்றிவிட்டு இரும்புக் கதவு போட்டாள். உள்ளே நான்கு தாழ். நான்கையும் இன்று காலை அவளேதான் போட்டிருந்தாள்.

சமையலறைச் சத்தம் மாறியது. கொதிக்கிற தண்ணீருக்குத் தாழ்ந்த குரல் உண்டு. அது இப்போது சீறியது. அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அண்டாவுக்கு மேலே கொடியில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அதற்கு அடுத்து ஜன்னல் திரை.

‘டக்’ என்று ஒரு சத்தம். ஒரு புட்டி வெடித்துவிட்டது.

இன்று புதன். மகள் கூப்பிடுவது ஞாயிறு. எல்லாம் எரிய ஞாயிறு வரை வேண்டாம், அரை மணி நேரம் போதும். அவளுக்கு இடுப்பு மறந்துபோனது. முழங்கையால் ஊர்ந்து பார்த்தாள். ஒரு சாண் நகர்ந்ததும் கண் இருண்டது. மறுபடி நினைவு வந்தபோது துணி கருகும் வாசனை கூடத்தைத் தாண்டி வந்துவிட்டது. அது சுட்ட மிளகாய் வாசனையோடு கலந்திருந்தது. கட்டடமே மிளகாய் சுடுகிற நாளில் புகையைப் பார்த்து யார் என்ன நினைக்கப்போகிறார்கள்!

ஷவர் தலையைக் கையில் எடுத்தவள், தட்டாமல் நிறுத்தினாள்.

இன்னொரு முறை மூன்று தட்டினால் இன்னும் அடங்கிப் போவார்கள். பத்துத் தட்டினாலும் அப்படித்தான். டோப்ரினா எதைத் தட்டினால் இந்தக் கட்டடம் திடுக்கிடும்?

தக, தக, தகிட.

முதலில் அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். தக, தக, தகிட. தக, தக, தகிட. கண்ணை மூடிக்கொண்டாள். பதினொரு நாளாக எரிச்சலோடு கேட்ட பாட்டு, அவளை அறியாமலே ஒரு வரி விடாமல் உள்ளே இருந்தது. நாலாவது வரி வந்தது. அவன் விழுங்குகிற கடைசி அடியை அவள் விழுங்கவில்லை. முழு நீளத்துக்கு அடித்தாள்.

மேலே ஒன்றும் அசையவில்லை.

இன்னொரு சுற்று. கூடத்தின் உச்சியில் புகை இப்போது கண்ணுக்கே தெரிந்தது.

மேலே அக்கார்டியன் மெல்லத் திறந்தது. இரண்டே வரி, சந்தேகத்தோடு, கேள்வி கேட்பதைப்போல. அவள் அடுத்த இரண்டு வரியைத் தட்டினாள். பெட்டி சட்டென்று வாய் மூடியது. பிறகு ஓடுகிற காலடி. கதவு. படிக்கட்டு.

குளியலறை வீட்டின் வாசல் கதவை ஒட்டியிருந்ததால், இரும்புக்கு அந்தப்பக்கம் பேசுவது தெளிவாகக் கேட்டது. மித்யோ எதிர்வீட்டுக் கதவை இடித்தான்.

“ஸ்லாத்காக்கா! பெரியம்மா குழாய்ல ரெச்செனித்சா அடிக்குது!”

“யாரு, டோப்ரினாவா? அமைதி நேரத்துலயா?”

“என் பாட்டுக்கா. நான் தப்பு விடுற எடத்தத் திருத்தி அடிக்குது.”

“அப்ப ஒண்ணு பைத்தியம் புடிச்சிருக்கணும், இல்ல சாகக் கெடக்கணும். அக்கா! அக்கா! உள்ள இருக்கியா?”

“குளியலறைல!” இடுப்பு பிளந்தாலும் பிளக்கட்டும் என்று டோப்ரினா கத்தினாள். “விழுந்து கெடக்கேன்! அடுப்பு எரியுது!”

“சாவி எங்கக்கா?”

“உள்ள. சமையக்கட்டு ஆணில. தாழ் வேற போட்டிருக்கு.”

ஸ்லாத்கா வீட்டு ஆணி ஏப்ரலிலிருந்து காலி. மித்யோ தோளால் ஒருமுறை இடித்தான். இரும்பு சிரிக்கக்கூட இல்லை.

“பால்கனிக் கதவு தெறந்திருக்கு!” என்று டோப்ரினா கத்தினாள்.

வாசல்கள் எதிரெதிரே இருந்தாலும், பின்பக்கம் ஸ்லாத்காவின் பால்கனியும் இவளுடையதும் ஒட்டியவை, நடுவே ஒரு தடுப்புச் சுவர். அதை வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். கீழே நான்கு மாடி. டோப்ரினாவுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. தன் பாட்டுக்குப் பெட்டி வாசித்துக்கொண்டிருந்தவனை இழுத்து வந்து கம்பியில் தொங்கவிட்டிருக்கிறோம். “கீழ பாக்காதடா! மித்யோ, கீழ பாக்காத!” என்று ஸ்லாத்கா அலறுவது கேட்டது. டோப்ரினா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கம்பி கிறீச்சிட்டது. மண் அடுப்பு உருண்டது. பிறகு அவள் வீட்டுத் தரையில் இரண்டு கால்கள் தொம்மென்று விழுந்தன.

“பெரியம்மா!”

“என்ன விடு! அண்டா! அண்டாவப் பாருடா!”

சீறல், சாபம், தண்ணீர் கொட்டும் சத்தம். கொடியில் ஒரு துண்டு பற்றியிருந்தது. அதை இழுத்துப் போட்டு மிதித்தவன், அவசரத்தில் அண்டாவை வெறுங்கையால் பிடித்துவிட்டான். அப்புறம் நான்கு தாழையும் திறந்து ஸ்லாத்காவை உள்ளே விட்டான். ஸ்லாத்கா குளியலறைத் தரையில் உட்கார்ந்து, டோப்ரினாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரல் தானாகவே மூக்குக்குக் கீழே போயிற்று.

“பாத்துக்கோ,” என்றாள் டோப்ரினா. “நல்லாப் பாத்துக்கோ.”

ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைப் போர்வையில் வைத்துப் படிவழியே தூக்கிப் போனார்கள். லிஃப்டில் படுக்கை நுழையவில்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்திருந்தது. மூன்றாம் மாடிக்காரர், குழாயில் கோபமாகத் திருப்பித் தட்டியவர் அவராகத்தான் இருக்க வேண்டும், அவளைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். மித்யோ கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு பின்னால் வந்தான். அந்தச் சனிக்கிழமைக் கல்யாணத்தில் வேறு ஒருவன்தான் வாசித்தான்.

நவம்பரில், இடுப்பில் இரும்பும் கையில் கோலுமாக டோப்ரினா வீடு திரும்பினாள். மறுநாளே எதிர்வீட்டு மணியை அடித்து ஒரு சாவியை நீட்டினாள்.

“வேணாங்க்கா. அப்புறம் செத்துட்டேனான்னு பாக்க வந்தியாம்ப.”

“சொல்லத்தான் சொல்லுவேன். தாழ் இனிமே போட மாட்டேன், நீ வா.”

ஸ்லாத்கா சாவியை வாங்கிப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். காற்றுத் துவாரத்துத் துணியை மித்யோ பிடுங்கிப் போட்டான். சுருட்டு நாற்றம் திரும்ப வந்தது. டோப்ரினா மூக்கை மட்டும் சுளித்தாள்.

இப்போதும் அவள் மதியம் இரண்டு மணிக்குக் குழாயில் தட்டுகிறாள். ஒரே ஒரு தட்டு. மேலேயிருந்து மித்யோவோ, அவன் ஊரில் இல்லாத நாளில் சுவருக்கு அப்பாலிருந்து ஸ்லாத்காவோ ஒரு தட்டுத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் பேச்சு. பெரும்பாலும் உடனே வந்துவிடும்.

சில நாள் தாமதமாகும். ஸ்லாத்கா அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருப்பாள், மித்யோ தூங்கிப்போயிருப்பான். அந்த ஒரு நிமிடம் டோப்ரினா குளியலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே கால் வைக்க மாட்டாள். கன்னத்தில் ஈரத் தரை வந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டில் எந்த அடுப்பும் எரியாதபோதும், துணி கருகுகிறதா என்று மோந்து பார்ப்பாள்.

டொக்.

“இருக்கேன், இருக்கேன்!” என்று ஸ்லாத்காவின் குரல் சுவரைத் தாண்டி வரும். “நீ இருக்கியாக்கா?”