முதல் நாற்பத்து நான்கு விநாடிகள்

என் தங்கை தனியாகப் பாடிய முதல் பாட்டு, இணையத்தில் வெளிவந்த முதல் நாளில் நூற்று நாற்பது தடவை ஓடியிருந்தது. அதில் முப்பத்தொரு தடவை ஹெட்போன் மாட்டிக் கேட்டது நான். அம்மாவின் போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தை முழுக்க அடக்கிவிட்டு, ஒன்பது தடவை ஓடவிட்டதும் நான்தான். மீதி நூறு தடவை கேட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

தங்கையை வீட்டிலும் வெளியிலும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்குழந்தையாக அவள் அழுத அழுகைக்கு எங்கள் மாடிக்குடியிருப்பில் வைத்த பெயர் அது. மூன்றாவது மாடியில் அவள் அழுதால் தெருவில் சைக்கிள் கடைக்காரர் கையிலிருக்கும் ஸ்பேனரோடு நிமிர்ந்து பார்ப்பாராம். நான் ஏழு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். சட்டைத் தொழிற்சாலையில் இருபது வருடமாகச் செக்கிங் வேலை. சட்டையை உள்பக்கம் திருப்பி, தையல் மேல் விரலை ஓட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குறை இருந்தால் நோட்டில் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் பார்த்து அனுப்பிய சட்டை இதுவரை திரும்பி வந்ததில்லை.

அவள் என்னைப் போல் இல்லை, பத்தாம் வகுப்பு முடித்தவள். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அங்கே அறை அகலத்துக்கு ஆறு உலர்த்தும் இயந்திரங்கள் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவளிடம் பேசவே கத்த வேண்டும். இவள் அந்த உறுமலுக்கு மேலே பாடிக்கொண்டே விரிப்பு மடிப்பாள். குரல் உரமேறியது அங்கேதான். யாரிடமும் பாட்டுப் படிக்கவில்லை.

ஆறு வருடம் நான்கு பேர் கொண்ட ஒரு ராக் குழுவில் பாடினாள். பாட்டெல்லாம் கித்தார்காரர் எழுதியது. எழுதினவர் பேரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இவளை 'அந்தக் கத்துற பொண்ணு' என்பார்கள். போன வருடம் கித்தார்காரர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனார். டிரம்ஸ் வாசித்தவரும் கழன்றுகொண்டார். மிச்சம் இருந்தது இவளும், அடி ஆழத்துச் சத்தம் தரும் பேஸ் கித்தார் வாசிக்கும் கம்பமும். கம்பம் என்பது பட்டப்பெயர். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனியாமல் அவன் உள்ளே வந்ததே இல்லை. ஒரே ஒரு தடவை வந்தான், நெற்றியில் மூன்று தையல்.

குழு கலைந்த மறுவாரமே சைரன் சொன்னாள்: "அக்கா, நானே எழுதப் போறேன்."

"எதைப் பத்தி?"

"எனக்குத் தெரிஞ்சது ரெண்டுதான். துணி மடிக்கிறது, கத்துறது. ரெண்டையும் வச்சு எழுதுறேன்."

நான்கு மாதம் எழுதினாள். பாட்டு அந்த இயந்திரங்களைப் பற்றியது. முதல் நாற்பத்து நான்கு விநாடி பேச்சு இல்லை, தாளம் இல்லை. கம்பத்தின் பேஸ் கித்தார் மட்டும், ஆறு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெறுவதுபோல அடிவயிற்றிலிருந்து உறுமும். அதன் மேல் இவள் குரல் கிழித்துக்கொண்டு வரும். கம்பத்தின் வீட்டுக் கார் ஷெட்டில் பதிவு செய்தார்கள். சத்தங்களைச் சேர்த்து அளவு பார்த்ததும் கம்பம்தான். அங்கே ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி உண்டு. என்னை அதன் மேல் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்கள். பாட்டு காது வழியாக வரவில்லை, இடுப்பெலும்பு வழியாக ஏறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஓகேயா அக்கா?" என்றான் கம்பம். "நீங்கதானே செக்கிங்."

"ஓகே," என்றேன். எதையும் திருப்பிப் பார்க்காமல் அப்படிச் சொன்னேன்.

அந்தப் பாட்டை நம்பி ஒரு காரியம் இருந்தது. வெயில் காலத்தில் மைதானத்தில் நடக்கும் பெரிய கச்சேரியில், தனியாகப் பாடும் புதியவர்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்குவார்கள். பாட்டு வெளிவந்து முப்பது நாளுக்குள் மூவாயிரம் தடவை ஓடியிருந்தால் இடம் உண்டு. அதே சமயம், பேர்பெற்ற வேறொரு குழுவிலிருந்து இவளைப் பின்குரல் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் பாடகிக்குப் பின்னால் நின்று இழுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். "மாசக் கடைசியில சொல்றேன்" என்று தவணை வாங்கியிருந்தாள். முன்னால் நிற்பதா, பின்னால் நிற்பதா என்பது முப்பது நாளில் தெரிந்துவிடும் என்று இருந்தோம்.

இரண்டாம் நாள் இருபத்தாறு. மூன்றாம் நாள் பத்தொன்பது. நான் தினமும் காலையில் என் செக்கிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவந்தேன். அம்மாவிடம் பாட்டைப் போட்டு அவள் கையிலேயே போனைக் கொடுத்தாள் சைரன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு, "எல்லாம் சரிடி, பாட்டு எங்க?" என்று கேட்டாள். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நாங்கள் இருவரும் முடிவுகட்டி, டாக்டரிடம் கூட்டிப்போக நாளும் பார்த்தோம். அம்மாவின் காதில் ஒரு குறையும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

பதினேழாம் நாள், மொத்த எண்ணிக்கை முந்நூற்றுத் தொண்ணூறு. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் காஜா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பித்தான் துளை போடும் காஜா பிரிவில் இருப்பவள், அதுவே பேராகிவிட்டது.

"ஏய், உன் தங்கச்சி பாட்டு போட்டேன்டி. ஊமைப் பாட்டா அது?"

"என்னடி உளர்ற?"

"சத்தியமா. ஒண்ணுமே வரல. என் போன்தான் போச்சோன்னு பயந்து வேற பாட்டு போட்டேன், கணீர்னு வந்துச்சு. சரி, அவளுக்குத்தான் தொண்டை கட்டிடுச்சுன்னு விட்டுட்டேன்."

பக்கத்து மேசையில் இருந்த காலர் பிரிவுக்காரி சிரித்தாள். "எனக்கும் அதேதான். நான் விடாம சவுண்ட ஏத்தி, ஏத்தி, முழுசா வச்சிட்டு உக்காந்திருந்தேன். திடீர்னு ஒரு கத்து கத்தினா பாரு, மாமியார் கையில இருந்த தட்டு கீழ போச்சு. பாதகத்தி!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டைத் தள்ளிவைத்தேன். எழுந்து, காஜாவின் போனை வாங்கி, ஹெட்போன் இல்லாமல், அந்த இரைச்சலில், பாட்டைப் போட்டுக் காதில் வைத்தேன்.

ஒன்றும் இல்லை. போனில் இருக்கும் சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பீக்கருக்கு அந்த ஆழமான சத்தத்தைக் கொடுக்கச் சக்தி இல்லை. காதைப் பிளக்கும் ஸ்பீக்கர் பெட்டியிலும் நல்ல ஹெட்போனிலும் மட்டுமே நாங்கள் மூவரும் கேட்டிருந்தோம். கம்பத்துக்கு அவன் கித்தார் எப்படியும் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். அது இல்லாத இடத்திலும் அவனுக்குக் கேட்கும். செக்கிங் செய்கிற நான்?

நோட்டை எடுத்தேன். அன்றும் மறுநாளும் சாப்பாட்டு நேரத்தில் இருபத்து மூன்று பேரிடம் பாட்டைப் போடச் சொல்லி, எந்த விநாடியில் நிறுத்துகிறார்கள் என்று எழுதினேன். ஒன்பது, பதினொன்று, பதினான்கு, ஏழு, இருபது. பத்தொன்பது பேர் முப்பது விநாடியைத் தாண்டவில்லை. நான்கு பேர்தான் என் தங்கையின் குரலைக் கேட்டார்கள். அந்த நால்வரில் மூன்று பேர் கடைசிவரை கேட்டார்கள் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் கார் ஷெட்டுக்குப் போனேன். எதுவும் சொல்லாமல் என் போனை ஸ்டூல் மேல் வைத்துப் பாட்டைப் போட்டேன். மூவரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சின்னதாக ஏதோ கொசு ரீங்காரம்போல வந்தது, அதுவும் வாசலில் ஸ்கூட்டர் போனபோது காணாமல்போனது.

"நான் வாசிச்சிருக்கேன்க்கா," என்றான் கம்பம், குற்றம் சாட்டப்பட்டவன்போல. "நாப்பத்து நாலு செகண்டும் வாசிச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியும்பா. போனுக்குத் தெரியலயே."

நோட்டை சைரன் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கோபம் வரும், அழுவாள், நோட்டை எறிவாள் என்று நினைத்திருந்தேன். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பத்தொம்பது பேர் என் பாட்டு பிடிக்காம போகல," என்றாள். "பாட்டே கேக்காம போயிருக்காங்க."

"முன்னாடி உள்ளத வெட்டிடலாம்," என்றான் கம்பம். அவன் வாயால் அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "இன்னைக்கே வெட்டி மறுபடி போடலாம். பதினொரு நாள் இருக்கே."

நானும் அதைத்தான் நினைத்தேன். குறை உள்ள தையலைப் பிரிக்க வேண்டியதுதான்.

சைரன் மறுத்துத் தலையாட்டினாள். "அந்த மெஷின் சத்தம் இல்லாம நான் எதுக்கு மேல கத்துறேன்? சும்மா கத்துற பொண்ணாயிடுவேன். இது இப்படியே இருக்கட்டும். தப்பு பாட்டுல இல்ல, போன்ல கேக்குறவங்களுக்குப் பாட்டு போட்டுட்டு நாம யாரும் போன்ல கேட்டுப் பாக்கல. அடுத்த பாட்டுல அந்தத் தப்பு இருக்காது."

"அடுத்த பாட்டா? இதுக்கு மூவாயிரம் வரணுமேடி!"

"பதினொரு நாள் இருக்குல்ல? வர வைப்போம்."

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் முன் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். இரண்டு ஹெட்போன், ஒன்று அவளுடையது, ஒன்று கம்பத்துடையது. முன்பின் தெரியாதவர்களிடம் நீட்டினாள். நான் ஷிப்ட் இல்லாத நாளில் அவளோடு போனேன். ஹெட்போனைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை.

"என்னம்மா விக்கிற?" என்றார் பேருந்துக்காக நின்ற ஒரு லாரி டிரைவர்.

"ஒண்ணும் விக்கல அண்ணே. ஒரு நிமிஷம் கேளுங்க, போதும்."

மாட்டிக்கொண்டார். பத்து விநாடியில் புருவம் ஏறியது. "என்னது, என் வண்டி ஸ்டார்ட் ஆகுது!" என்று சுற்றும் முற்றும் பார்த்தார். குரல் வந்ததும் ஹெட்போனைக் கழற்றி, இவளை மேலும் கீழும் பார்த்து, "இது நீயா?" என்றார். திரும்ப மாட்டிக்கொண்டார். அவருடைய பேருந்து போய்விட்டது. திட்டிக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டு, தன் போனிலும் தேடி எடுத்துக்கொண்டு போனார்.

எல்லோரும் அப்படி இல்லை. ஒரு அம்மா கையாலேயே விரட்டினாள். ஒரு கல்லூரிப் பையன், "அக்கா, இந்த வயசுல ராக்கா?" என்று கேட்டான். "உன் வயசுல எனக்கு இவ்ளோ சத்தம் வரல தம்பி," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

முப்பதாம் நாள் காலை நோட்டில் எழுதிய எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு.

கச்சேரி நடத்துகிறவரிடம் அவளே போனில் பேசினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் தன்மையாகத்தான் பேசினார். "பாட்டு நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா உனக்கு ஒரு கணக்கு, மத்தவங்களுக்கு ஒரு கணக்குன்னு வைக்க முடியாது." அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

பின்குரலுக்குக் கூப்பிட்ட குழுவுக்கு வரவில்லை என்று சொல்ல இன்னும் ஒரு போன் பாக்கி இருந்தது. சமையலறையில் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "பின்னாடி நின்னா என்னடி குறைஞ்சு போச்சு? மேடை மேடைதானே," என்றாள். என் மனதிலும் அதேதான் இருந்தது. தோற்றுப்போன கையோடு, இருக்கிற வாய்ப்பையும் விடுகிறாளே என்று பயந்தேன்.

"பின்னாடி நிக்கிறதுல தப்பே இல்லம்மா. எனக்கு அது வராது. நான் வாயத் திறந்தா முன்னாடி நிக்கிறவங்க குரல் கேக்காது. அவங்களுக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம்."

எங்கள் இருவர் முன்னாலேயே அந்தக் குழுவுக்குப் போன் போட்டாள். "கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க. நான் என் பாட்டத்தான் பாடப் போறேன்," என்றாள். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "ஆமாங்க, ஓடலதான்," என்றாள் இவள். "அது முதல் பாட்டுங்க." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. போனை வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, கத்தியையும் மீதிக் காயையும் அவள் முன்னால் தள்ளிவிட்டாள்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இரண்டாவது பாட்டு இன்னும் வெளிவரவில்லை. வரைவாக ஒன்றைப் பாடி எடுத்துக்கொண்டு, போன வாரம் எங்கள் சாப்பாட்டு அறைக்கே வந்தாள். மேலாளரிடம் நான் அனுமதி கேட்டு வைத்திருந்தேன். இதிலும் கம்பத்தின் உறுமல் உண்டு. ஆனால் முதல் விநாடியிலேயே அதன் மேல் இவள் குரல் ஏறிவிடுகிறது. இருபத்து மூன்று போன்களில் போட்டுப் பார்த்தோம். பதினெட்டுப் பேர் கடைசிவரை கேட்டார்கள். நடுவில் நிறுத்திய ஐந்து பேரில் காஜாவும் ஒருத்தி, இரண்டாவது நிமிடத்தில் போனைக் கவிழ்த்துவைத்தாள்.

"ஏன்க்கா?" என்று நேராகவே கேட்டாள் சைரன்.

"நடுவுல சொன்னதையே சொல்ற. எனக்கு சாப்பாட்டு டைம் அரை மணி நேரம்தான்."

நான் விநாடியைக் குறித்தேன்: ஒரு நிமிடம், ஐம்பத்திரண்டு. சைரன் என் நோட்டை எட்டிப் பார்த்தாள். காஜாவிடம் போனை வாங்கி, அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள்.

"சரிதான்," என்றாள். என் பேனாவைக் கேட்டு வாங்கி, பாட்டு எழுதியிருந்த தாளை மேசையில் விரித்து, நடுவில் நான்கு வரிகளை அடித்தாள்.