சாக்கில் கரைந்த உப்பு

எட்டு நாளாக ஏலக்காட்டில் ஒருவர் வாயிலும் உப்பு படவில்லை. ஆடி மழையில் பாதை சரிந்து, பொதிமாடுகள் மேலே வரவில்லை. உப்பில்லாத கஞ்சியை மற்றவர்கள் முகம் சுளித்தாவது விழுங்கினார்கள். காய்ச்சலில் கிடந்த என் மனைவிக்கு அது இறங்கவேயில்லை. வாயில் வைத்ததும் குமட்டிவிடும்.

"உப்புப் போட்டுக் கொண்டாங்க, குடிக்கிறேன்" என்றாள்.

சரிவில் தொத்தித் தொத்திப் போடிக்கு இறங்கினேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பத்துக் குடிசைக்கும் சேர்த்து உப்பு வாங்கி, சாக்கில் கட்டித் தலையில் ஏற்றினேன். மழைக்குப் போர்த்தும் கம்பளி எங்களிடம் ஒன்றுதான். அதை அவள்மேல் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

அடிவாரத்து முந்தல் தாண்டி ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. சுமையை இறக்கி ஒதுங்கலாமென்றால் அட்டை விடாது. நின்ற இடத்தில் பத்து ஏறும். நடந்தேன். சாக்கு நனைந்து கனத்ததால் உள்ளே குறைவது தெரியவில்லை. நெற்றியில் வழிந்து உதட்டுக்கு வந்த தண்ணீர் கரித்தது. வேர்வை என்று நினைத்தேன். எட்டு நாள் செத்துக் கிடந்த நாக்கு அல்லவா, வழியெல்லாம் நக்கிக்கொண்டே ஏறினேன்.

குடிசை வாசலில் சாக்கை அவிழ்த்தால், அடியில் ஒரு கை ஈரச் சகதி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழக்கூடத் தெம்பில்லை.

"எந்திரிங்கண்ணே, உப்பு எங்க போயிரும்? மிச்சம் சாக்குலதான ஊறிக் கெடக்கு" என்று பக்கத்துக் குடிசைக்காரி சாக்கை வாங்கிக்கொண்டாள். மலையில் வெறும் உப்புச்சாக்கைக்கூட யாரும் எறிவதில்லை. வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடிகட்டி, சுண்டக் காய்ச்சுவார்கள். அன்றும் காய்ச்சினோம். தண்ணீர் வற்ற வற்றச் சட்டி ஓரத்தில் உப்பு பூத்தது. பழுப்பாக, சணல் நாற்றத்தோடு, திரும்பி வந்தது. பத்து வீட்டுக்குப் பங்கு வைத்ததில் எங்களுக்கு ஒரு வேளைக் கஞ்சிக்குத்தான் தேறியது.

கலக்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கலயத்தைப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குமட்டவில்லை.

"இன்னுங் கொஞ்சம் இருக்கா?" என்றாள்.

இல்லையென்று தலையாட்டினேன்.

"நீங்களும் எட்டு நாளா சப்புன்னுதான குடிக்கிறீங்க. ஒரு வாய் உங்களுக்கு வச்சிருக்கணும், மறந்துட்டேன்" என்றாள்.

வழியெல்லாம் நான் குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்பதை அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.